யாருக்குடா சேஃப்?

சென்னைப் பனையூரில் ஈசிஆருக்கு, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு, மேற்கே எங்கள் வீடு, கிழக்கே பால் கடை. நடுவில் போக இரண்டு தடம், வர இரண்டு தடம், ஒரு மீடியன். வாரத்தில் ஆறு நாள் அந்த ரோட்டைக் கடப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறேன்.

ஏன் என்று ஈசிஆர்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக்கு மேல் திருவான்மியூர் பக்கமிருந்து சத்தம் கிளம்பும். அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நாலைந்து ஸ்போர்ட்ஸ் கார், தரையை நக்கிக்கொண்டு வரும். மாமல்லபுரம் வரைக்கும் போய் ரெண்டு இட்லி, ஒரு காபி சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அறுநூறு குதிரை சக்தி தேவைப்படுகிறது அவர்களுக்கு.

போன வாரம் மீடியனில் நானும் மீன்கார ஆயாவும் நிற்கிறோம். என் கையில் பால், ஆயா தலையில் காலி அன்னக்கூடை. தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. ஆயா இறங்கி ரெண்டு எட்டு வைத்தார். நான் கையைப் பிடித்து இழுக்கவும் அந்தப் புள்ளி எங்கள் மூக்கை உரசிக்கொண்டு போகவும் சரியாக இருந்தது. காற்றில் அன்னக்கூடை பறந்து மீடியன் செடியில் விழுந்தது. பால் பாக்கெட் வெடித்து என் லுங்கியெல்லாம் பால். அவன் பிரேக் லைட்கூட எரியவில்லை. பார்த்திருந்தால்தானே!

வீட்டுக்கு வந்து சித்தப்பா பையனிடம் போனில் கொட்டினேன். கார் பைத்தியம் அவன், எந்த வண்டிக்கு எத்தனை சிலிண்டர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்கிறான்: "பயப்படாதீங்கண்ணே, அதெல்லாம் ரொம்ப சேஃப் வண்டி. செராமிக் பிரேக், எட்டு ஏர்பேக்."

அந்த "சேஃப்" என்ற வார்த்தை ஒரு வாரமாக என் காதில் கொதிக்கிறது. யாருக்குடா சேஃப்? அந்த எட்டு ஏர்பேக்கில் ஆயாவுக்கு எத்தனை?

2024 மே 19, புனே, கல்யாணி நகர். 17 வயசுப் பையன் ஓட்டிய போர்ஷே டைகான், பைக்கில் போன இரண்டு இளம் இன்ஜினியர்களைக் கொன்றது. முன்னூறு வார்த்தையில் கட்டுரை எழுது என்று சொல்லி அவனை அன்றைக்கே ஜாமீனில் விட்டார்கள். நாடே அதைத்தான் பேசியது, பேச வேண்டியதுதான். 1,758 ரூபாய் கட்டாததால் அந்தக் கோடி ரூபாய் வண்டிக்கு நிரந்தரப் பதிவே முடியவில்லை என்பதையும் பேசினோம். பேசாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்த டைகான், 2019-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய கார் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய மாடல். நட்சத்திரம் பொய்யில்லை. வண்டிக்குள் இருந்த ஒருத்தரும் சாகவில்லை. செத்த இரண்டு பேரும் வெளியே இருந்தவர்கள்.

அந்த நட்சத்திரத்தை எந்த வேகத்தில் கொடுக்கிறார்கள் தெரியுமா? நம் பாரத் என்கேப்பில் வண்டியை முன்பக்கமாக மோதவிட்டுப் பார்ப்பது 64 கிலோமீட்டர் வேகத்தில். ஐரோப்பாவில் பாதசாரிக்கும் ஒரு சோதனை உண்டு. தலை மாதிரி ஒரு உருண்டையை பானெட்டில் அடித்துப் பார்ப்பார்கள். அது 40-இல். ஈசிஆரில் இவர்கள் பறக்கும் வேகத்துக்கு உலகத்தில் எந்தச் சோதனைக் கூடமும் நட்சத்திரம் கொடுக்கவில்லை.

செராமிக் பிரேக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாத ஆளே இல்லை. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டும்தான். வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற பிடிப்பு. பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று மிதித்தாலும் சூட்டில் தளராமல் இருக்கும், செராமிக்கின் பெருமை அது. முதல் மிதியில் அது ஒன்றும் அதிசயம் செய்யாது. அதுவும் கடல் காற்று மணலை வாரி இறைத்த ரோட்டில்!

கணக்கே போட்டுவிடுவோம். வண்டி 150 மீட்டர் தூரத்தில் வருகிறது. 60-இல் வந்தால் நம்மை எட்ட ஒன்பது வினாடி. 180-இல் வந்தால் மூன்றே வினாடி. ஆயாவுக்கு இரண்டு தடத்தைக் கடக்க ஆறு வினாடி வேண்டும். எழுபது வயசுக் கண்ணுக்குத் தூரம்தான் தெரியும், வேகம் தெரியாது. அதுவும் நெஞ்சு உயரம்கூட முழுசாக இல்லாத வண்டி, பக்கத்தில் வந்தாலும் தூரத்தில் இருப்பது போலவே தெரியும். இந்தப் பக்கம் ஓட்டுகிறவனைப் பாருங்கள். 180-இல் வினாடிக்கு 50 மீட்டர். பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டு போவதற்குள் ஒரு வினாடி போய்விடும். அதற்கு மேல், டயர் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் நிற்க இன்னொரு 125 மீட்டர். கூட்டினால் 175. ஆயா நிற்பது 150-இல். இதே கணக்கு 60-இல் சுமார் 30 மீட்டரில் முடிந்துவிடும்.

"ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டினா ஒண்ணும் ஆகாதுண்ணே" என்பது தம்பியின் அடுத்த பாட்டு. 2016 செப்டம்பரில், விடியாத நேரத்தில், சென்னை கதீட்ரல் ரோடு ஓரம் வரிசையாக நின்ற ஆட்டோக்களுக்குள் ஒரு போர்ஷே புகுந்தது. ஒரு டஜன் ஆட்டோ நசுங்கியது, ஒரு ஆட்டோக்காரர் செத்தார். குடித்திருந்ததாக வழக்கு. ஓட்டியவர் ஓட்டத் தெரியாதவர் இல்லை, கார் பந்தயங்களில் கலந்துகொண்ட ஆள்.

ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் 2013-இல் செத்ததும் இப்படித்தான். அவர் பக்கத்து சீட்டில் இருந்தார், ஓட்டிய நண்பர் பந்தய அனுபவம் உள்ளவர். வண்டி போர்ஷே கரேரா ஜிடி. 605 குதிரை சக்தி, வழுக்கினால் தானாகப் பிடித்துத் திருத்துகிற எலக்ட்ரானிக் கட்டுப்பாடு கிடையாது. மணிக்கு 72 கிலோமீட்டர் எல்லை வைத்த ரோட்டில் 130-க்கும் 150-க்கும் இடைப்பட்ட வேகம் என்றது விசாரணை. டயருக்கு வயசு ஒன்பது. அந்த டயர் விஷயம்தான் என்னை உறுத்துகிறது. இங்கேயும் இந்த வண்டிகள் ஆறு நாள் போர்வைக்குள் தூங்குகின்றன. ஓடாத டயர் தேயாது, பார்க்கப் புதுசு மாதிரியே பளபளக்கும். ரப்பர் உள்ளுக்குள் இறுகிப் பிடிப்பை இழந்துகொண்டிருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1816 என்றிருந்தால் 2016-இன் பதினெட்டாவது வாரம் செய்தது. தன் வண்டியில் அந்த நாலு இலக்கத்தைக் குனிந்து பார்த்த முதலாளி எத்தனை பேர்?

போதாததற்கு, வண்டியில் இருக்கிற எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டையும் பட்டனை அமுக்கி அணைத்துவிட்டு ஓட்டுவது ஒரு கெத்தாம். சேஃப் வண்டி என்று காசு கொட்டி வாங்குவான், ரோட்டுக்கு வந்ததும் அந்த சேஃப்டியையே அணைப்பான். என்ன ஜென்மமோ.

நான் கார் பிடிக்காத ஆள் இல்லை. எண்பதுகளில் அப்பா தோளில் உட்கார்ந்து சோழவரத்தில் ரேஸ் பார்த்தவன். வேகம் பிடிக்கும். அதற்கென்று இருங்காட்டுக்கோட்டையில் 1990-இலிருந்து ஒரு தடம் இருக்கிறது, கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி ரோட்டையே மறித்து ராத்திரி ரேஸ் விட்டார்கள். அங்கெல்லாம் வண்டி வழுக்கினால் ஓடி நிற்க இடம் உண்டு, டயர் சுவர் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. மீன் கூடை இல்லை. ஆனால் அங்கே போனால் ஹெல்மெட் போடணும், சொன்னதைக் கேட்கணும், பின்னால் வருகிற சின்ன வண்டிக்காரன் தாண்டிப் போவதைப் பார்க்கணும். ஈசிஆரில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே போட்டிக்கு ஆக்டிவாதானே வரும், ஜெயித்துவிடலாம்.

சட்டம்? வேகமாகப் போனால் காருக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம். பொது ரோட்டில் ரேஸ் விட்டால் சிறைக்கும் வழி உண்டு, அபராதம் மட்டும் என்றால் முதல் தடவை ஐயாயிரம். அவன் வண்டியின் ஒரு டயர் விலையில் இது வட்டிக்குக்கூட வராது. எங்கள் தெருப் பையன் ஹெல்மெட் இல்லாமல் பால் வாங்கப் போனால் ஓடிவந்து போட்டோ எடுக்கிறார்கள். அதுவும் சரிதான், எடுக்கட்டும். அந்தக் கேமராவை ஞாயிறு காலை கொஞ்சம் அந்தப் பக்கமும் திருப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்த ஞாயிறு ஆயாவைக் காணவில்லை. மனசு திக்கென்றது. பால் கடையில் விசாரித்தேன். ஐந்து மணிக்கே, இருட்டிலேயே, கடந்து போய்விடுகிறாராம். மறுநாள் பார்த்தபோது, "அந்நேரத்துல லாரியா வருமே ஆயா" என்றேன்.

"லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான் தம்பி" என்றார்.