ஆபிரகாமின் அவசரம்

பைபிளில் வரும் ஆபிரகாம் என்றதும், பாவத்துக்காகக் கடவுள் அழிக்கவிருந்த சோதோம் நகரத்துக்காக அவரிடமே பேரம் பேசியவர்தான் எனக்கு நினைவுக்கு வருவார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் ஊரை விட்டுவிடுவீரா என்று ஆரம்பித்து, பத்துப் பேர் வரைக்கும் இறக்கிக்கொண்டு வந்தவர். காய்கறிச் சந்தையில்கூட அவ்வளவு தூரம் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும்.

அதே மனிதரைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது ‘ஆபிரகாமின் சாசனம்’. பைபிளில் சேராத பழைய நூல். சாகும் முன் உலகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் ஆபிரகாம். தூதர் மிகாவேல் அவரைத் தேரில் ஏற்றி வானத்தில் கொண்டுபோகிறார். கீழே திருடர்கள் தெரிகிறார்கள். காட்டு விலங்குகள் வந்து இவர்களைத் தின்னட்டும் என்கிறார் ஆபிரகாம், தின்றுவிடுகின்றன. தவறான உறவில் இருக்கும் இருவர். பூமி விழுங்கட்டும், விழுங்குகிறது. வீடு புகுந்து கொள்ளையடிப்பவர்கள் மேல் நெருப்பு விழுகிறது. கடைசியில் கடவுளே தேரை நிறுத்தச் சொல்கிறார்: இவன் பாவம் செய்யாதவன், அதனால் பாவிகள்மேல் இரக்கம் இல்லை, விட்டால் உலகத்தையே காலி செய்துவிடுவான். நானோ அவர்கள் மனம் திரும்பும்வரை காத்திருக்கிறேன்.

பாவமே செய்யாததுதான் ஆபிரகாமின் குறை! எனக்குத் தெரிந்த சில பக்திமான்களின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சரி, அதை விடுவோம்.

அப்புறம் தீர்ப்பு நடக்கும் இடத்தில் நன்மையும் தீமையும் சரிசமமாக நிற்கும் ஓர் ஆன்மாவைப் பார்க்கிறார். அதற்காக வேண்டுகிறார், அது தப்புகிறது. அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. தன் வாயால் செத்தவர்களுக்காகவும் அழுது மன்றாடுகிறார். அவர்களும் உயிரோடு திரும்புகிறார்கள். நூலிலேயே பெரிய மனந்திரும்புதல் இந்த நீதிமானுடையதுதான் என்பேன்.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின் எழுதப்பட்ட ‘நான்காம் எஸ்றா’ என்ற யூத நூலில் நிலைமை நேர்மாறு. அங்கே மன்றாடுவது எஸ்றா என்ற மனிதன், மறுப்பது தூதர் ஊரியேல். தீர்ப்பு நாளில் யாரும் யாருக்காகவும் பரிந்து பேச முடியாது என்கிறார். இந்தப் பகுதி இருந்த தாளை, 822ஆம் ஆண்டு லத்தீன் கையெழுத்துப் பிரதி ஒன்றிலிருந்து யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்து எழுதிய பிரதிகளிலும் எழுபது வசனங்கள் காணாமல் போயின. பிரான்சின் ஆமியேன் நகரில் கிடைத்த வேறொரு பிரதியிலிருந்து பென்ஸ்லி என்ற அறிஞர் 1875இல் அவற்றை வெளியிட்டார்.

இறந்தவர்களுக்காக ஜெபிப்பதற்கு எதிராக இருந்ததால் வெட்டினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு. வெட்டுக்கு அடுத்து வரும் வசனம் எஸ்றாவின் பதில்: ஆபிரகாம் சோதோமுக்காக வேண்டினாரே! சில வரிகள் தள்ளி ஊரியேல் மறுபடியும் மறுக்கிறார்தான். ஆனாலும் பல நூறு ஆண்டுகள் லத்தீனில் அதைப் படித்தவர்களுக்கு, ‘முடியாது’ என்ற முதல் பதில் கண்ணில் படவே இல்லை.