எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல எதற்கு மூவாயிரம் ரூபாய்?

2019 சித்திரை, ஊர்க் கோயில் கொடைத் திருவிழா ராத்திரி. பதினொன்றரை மணி இருக்கும். சித்தியிடமிருந்து போன். "ஏய்யா, தம்பிய ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாவ. எந்த ஸ்டேசன்னு தெரியலய்யா."

கொடையில் மேளக்காரர்கள் பக்கத்தில் ஒரு தள்ளுமுள்ளு. இவனும் அங்கே நின்றிருந்தான். குட்டியானை, அதாவது சின்ன லோடு வண்டி, ஓட்டிப் பிழைக்கிற பையன். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் ஸ்டேஷனில் "இங்க யாரையும் கொண்டு வரல". இரண்டாவது ஸ்டேஷனில் "காலைல வாங்க". விடிகிற வரை சித்தி ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அடிச்சாங்களா இல்லையான்னு கூட கேக்கல. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லச் சொல்லுய்யா."

மறுநாள் பத்து மணிக்கு மேல் ஒருவர் வந்தார். அவருக்கு எல்லாரையும் தெரியுமாம். மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வரி சொன்னார்: "மொத ஸ்டேசன்லதான் இருக்கான். சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னால கொண்டு போவாங்க."

நான் ராத்திரி முதலில் போய் நின்ற அதே ஸ்டேஷன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரின் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை இருந்தது. நகைக்கடைக் காலண்டர் ஒன்று அதன் பாதியை மறைத்துக்கொண்டு தொங்கியது. காலண்டருக்கு மேலே தெரிந்த எழுத்துகளை அன்றைக்கு வாசித்தேன்: "கைது செய்யப்பட்டவர்கள் விவரம்". அந்தப் பலகை ஏன் அங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காலண்டரைத் தள்ளிப் பார்த்திருப்பேன். அதில் ஒன்றும் எழுதியிருக்காது என்பது வேறு விஷயம். ஆனால் "இதில் ஏன் எழுதவில்லை" என்று கேட்டிருப்பேன்.

அந்த மூவாயிரம் ரூபாய் இன்றும் என்னை உறுத்துகிறது. பணம் போனது பெரிதில்லை. சட்டப்படி சுவரில் எழுதிப் போட வேண்டிய ஒரு வரியை நாங்கள் விலை கொடுத்து வாங்கினோம். அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். தெருவில் யாருக்காவது இப்படி ஆனால் இப்போது கூடவே போகிறேன். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை.

போலீஸ் காவலில் நடக்கிற சாவுகள் பற்றிய டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. கைது செய்தால் அந்த இடத்திலேயே கைது குறிப்பாணை எழுத வேண்டும். தேதி, நேரம் போட்டு, குடும்பத்தாரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெரிய மனிதரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போக வேண்டும், அங்கே எல்லாரும் பார்க்கிற பலகையில் ஒட்ட வேண்டும். பிறகு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே 41-சி பிரிவாக ஏறியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற பி.என்.எஸ்.எஸ்-ல், அது 37-வது பிரிவு. பழையதைவிட இது கூடுதல் தெளிவு: ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும், உதவி சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒரு அதிகாரியை இதற்கென்றே நியமிக்க வேண்டும். யார் கைதானார், எந்த ஊர், என்ன குற்றச்சாட்டு என்பதை அவர் பராமரிக்க வேண்டும். அது நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும், டிஜிட்டல் முறை உட்பட, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்க வேண்டும்.

"எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி." சட்டத்தில் இருக்கிற இந்தச் சொற்களை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன்.

ஒருவரைப் பிடித்த முதல் ராத்திரிதான் ஆபத்தான ராத்திரி. 2020 ஜூன் 19-ஆம் தேதி சாயங்காலம் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸார் கூட்டிப் போனார்கள். மறுநாள் கோவில்பட்டி கிளைச் சிறை. 22, 23 தேதிகளில் இரண்டு பேரும் உயிரோடு இல்லை. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழிந்துபோகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது என்று அறிக்கை கொடுத்தார். கேமரா அழியும். நேரம் போட்டு, சாட்சி கையெழுத்துப் போட்ட காகிதம் அவ்வளவு லேசில் அழியாது. கைதுப் பதிவு என்றதும் ஏதோ பெயரைக் கெடுக்கிற சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உள்ளே இருக்கிறவனுக்கு அது உயிர்ப் பாதுகாப்பு.

அதனால் ராத்திரி யாரையாவது கூட்டிப் போய்விட்டார்கள் என்றால், ஸ்டேஷன் வாசலில் மட்டும் நிற்காதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசுங்கள். கைது பற்றிச் சொந்தக்காரருக்கு உடனே சொல்ல வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ்-ல் 48-வது பிரிவு இருக்கிறது. அதைச் சொல்லியே கேளுங்கள். 15100-க்கு அடித்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு. காவலில் இருக்கிறவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் பொறுப்பு மாஜிஸ்திரேட் ஒருவர் இருப்பார். கோர்ட்டு குமாஸ்தாக்களுக்கு அது யார் என்று தெரியும். எங்களுக்கும் கடைசியில் உருப்படியாக வழிகாட்டியவர் ஒரு குமாஸ்தாதான். பைசா வாங்கவில்லை.

அடுத்தது எண்கள். ஜனங்கள் தடுமாறிப்போகிற இடம் இதுதான்.

புகார் கொடுத்ததும் கையில் தருவது மனு ரசீது, சி.எஸ்.ஆர். அது வழக்கு இல்லை. வழக்குப் பதிந்தால்தான் எஃப்.ஐ.ஆர்., அதற்குக் குற்ற எண் விழும்; எஃப்.ஐ.ஆர். எண் என்பதும் அதுதான். என் தம்பி வழக்கில் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2): கெட்ட வார்த்தையில் திட்டியது, அடித்தது, மிரட்டியது. 2024 ஜூலையில் சட்டம் மாறுகிற வரை எங்கள் பக்கத்தில் கொடைச் சண்டை என்றால் பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்தேதான் வந்தன. போலீஸ் குற்றப்பத்திரிகை கொடுத்து கோர்ட் கோப்பில் எடுத்ததும் அதே வழக்கு சி.சி. எண்ணாக மாறிவிடும். கொலை மாதிரி பெரிய வழக்கு என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முதலில் பி.ஆர்.சி. எண், செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனதும் எஸ்.சி., அதாவது செஷன்ஸ் கேஸ், எண். ஒரே வழக்குக்கு மூன்று, நான்கு எண்கள். ஒரு அம்மா குற்ற எண்ணை மட்டும் ஒரு தீப்பெட்டி அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகக் கோர்ட்டில் ஒவ்வொரு ஜன்னலாகக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டது சி.சி. எண். இந்த அம்மாவிடம் இருந்தது குற்ற எண். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் விளக்கவும் இல்லை.

அவரிடம் அந்தக் குற்ற எண் இருந்ததே போதும். கோர்ட் வழக்கு விவரங்களைப் பார்க்கிற இ-கோர்ட்ஸ் இணையத் தளத்தில், அதன் செயலியிலும், எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்துத் தேட ஒரு வழி இருக்கிறது. மாவட்டம், கோர்ட் வளாகம், காவல் நிலையம், எண், வருஷம். போட்டதும் சி.சி. எண் வந்தது. கூடவே சி.என்.ஆர். என்று பதினாறு இலக்கத்தில் ஒன்று வரும். நம் மாநிலத்து வழக்கு என்றால் டி.என். என்று தொடங்கும். வழக்குக்கு அதுதான் ஆதார் எண் மாதிரி. அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, எந்த நிலையில் இருக்கிறது, முடிந்ததென்றால் என்ன முடிவு எல்லாம் தெரியும். அதைத் தீப்பெட்டி அட்டையில் எழுதாமல் போனில் ஏற்றி வையுங்கள்.

பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் அது நம்மூர்க்காரர்களுக்குப் பெரிய பாடு. பெயர் இங்கிலீஷில் ஏறியிருக்கும். 'முத்து' என்ற மூன்றெழுத்தை ஒரு ரைட்டர் எம்-யு-டி-ஹெச்-யு என்பார், இன்னொருவர் நடுவில் இன்னொரு டி சேர்ப்பார். இனிஷியல் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இது வெறும் எழுத்துப் பிழையாக நின்றுவிடுவதில்லை. அதே பெயரில் இன்னொரு ஆளின் வழக்கை நம் ஆள் தலையில் ஏற்றிப் பார்த்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் இப்போது இதில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து பெயரை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். அப்பா பெயர், ஊர், காவல் நிலையம் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல் விஷயம் ஓரளவு சுலபமாகிவிட்டது. 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், பதிவான இருபத்து நான்கு மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றை ஏற்ற மாட்டார்கள். அது சரிதான், பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே வரவே கூடாது. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், நிலையம், வருஷம், எண் கொடுத்தால் கிடைக்கும். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நகல் இலவசம். "நாளைக்கு வாங்க" என்றால் "இலவசமாக உடனே தரணும்னு பி.என்.எஸ்.எஸ். 173-ல இருக்குங்க சார்" என்று மரியாதையாகவே சொல்லுங்கள். குற்றப்பத்திரிகை அப்படி இல்லை. அது பொது ஆவணம் ஆகாது, இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் நகல் இலவசமாகக் கிடைக்கும்.

இனி எனக்கு ரொம்பவும் ஆற்றாமை தருகிற பகுதி.

தம்பி வழக்கு 2022-ல் முடிந்தது. விடுதலை. சித்தி அன்றைக்குக் கோர்ட் வாசலிலேயே தேங்காய் உடைத்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்களும் இருந்தோம். அடுத்த வருஷம் வெளிநாட்டு வேலைக்காகப் பாஸ்போர்ட் போட்டான். பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் விசாரணைக்கு வந்தவர், "உம்மேல வழக்கு நிலுவைல இருக்கே தம்பி" என்றார். அவர்கள் பதிவேட்டில் கைது இருந்தது, விடுதலை ஏறவே இல்லை. இ-கோர்ட்ஸில் "முடிந்தது" என்று இருப்பதைப் போனில் காட்டினோம். சீல் வைத்த நகல் வேண்டும் என்றார்கள்.

நகலுக்கு கோர்ட்டிலேயே மனுப் போட வேண்டும். இதற்குத் தகவல் உரிமைச் சட்டம் உதவாது. கோர்ட் ஆவணங்களை அந்தந்த உயர் நீதிமன்ற விதிப்படிதான் வாங்க வேண்டும் என்று 2020-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றால் நேரடி மனு போதும். வெளியாள் என்றால் எதற்குக் கேட்கிறேன் என்று பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு நகல் பிரிவுக்கு வெளியே இருக்கிற அறிவிப்புப் பலகையைத் தினமும் பார்க்க வேண்டும். கட்ட வேண்டிய தொகைக்கு நம் எண்ணை அங்கே போடுவார்கள். தவறவிட்டால் மனு தள்ளுபடி, மறுபடி முதலிலிருந்து. ஓட்டத்தில் இருக்கிற ஒரு டிரைவர் பையன் எத்தனை நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பலகையைப் போய்ப் பார்ப்பான்? ஓ.டி.பி. அனுப்பத் தெரிந்த அரசுக்கு இதற்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடியாதா?

தீர்ப்பை முழுதாக வாங்குங்கள், கடைசிப் பக்கத்தை மட்டும் இல்லை. "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை" என்று இருக்கிறதா, குற்றமே நிரூபிக்கப்படவில்லை என்று இருக்கிறதா என்பது முக்கியம். காவல்துறை வேலைக்கான விதியில் சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரை வழக்கில் தொடர்புடையவராகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் வேலை போன பிள்ளைகள் உண்டு.

விடுதலையானவர்களின் தீர்ப்பை இணையத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வாதம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் ஒருவருக்கு அப்படி உத்தரவு போட்டது, ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. அந்த மனிதரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அழித்தால் போலீஸ் என்ன செய்தது, கோர்ட் என்ன சொன்னது என்பதும் சேர்ந்து அழியும். எந்தப் பதிவேட்டில் "கைது" என்று எழுதினார்களோ, அதே பதிவேட்டில், அதே வரியில், "விடுதலை, இன்ன தேதி" என்று அவர்களே எழுதட்டும். கோர்ட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் போவதற்கு என் தம்பி ஏன் நகல் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

நகல் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. பாஸ்போர்ட் வந்தது. அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் போய்விட்டான். தம்பி இப்போதும் குட்டியானைதான் ஓட்டுகிறான். தீர்ப்பு நகல் வண்டி ஆர்.சி.யோடு டேஷ்போர்டில் இருக்கிறது.

போன வாரம் வேறு வேலையாக அதே ஸ்டேஷனுக்குப் போனேன். கட்டடம் புதுசாக வெள்ளையடித்திருந்தது. பலகை இருந்தது, காலண்டர் இல்லை, பெயரும் எதுவும் இல்லை. 37-வது பிரிவின்படி இந்த நிலையத்தில் நியமிக்கப்பட்ட அதிகாரி யார், பலகை ஏன் எழுதப்படவில்லை என்று அங்கேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் வாசித்துவிட்டு, "இது எங்களுக்கே யாரும் சொல்லலண்ணே" என்றார். ரசீது வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். முப்பது நாள் கழித்துப் போவேன். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.