பிடுங்குவது வேறு, உதிர்வதை எடுப்பது வேறு

அந்த வீடியோவை நேற்று மாலையிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும், நான்கு முறை முழுதாகப் பார்த்துவிட்டேன். நூலுக்காக வளர்க்கும் நீள முடி முயலான அங்கோராவை மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைக் கட்டி இழுத்து, முடியைக் கையால் எடுக்கும் வீடியோ அது. அதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை. ஆனால் வீடியோவோடு சேர்த்து "உங்க முயலுக்கும் இப்படித்தான் எடுக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் தைத்தது. இத்தனை நாள் இங்கே நான் எழுதியதைப் படித்தவர்களே கேட்டதால் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தைத்தது.

பதில் சொல்கிறேன். பிடுங்குவது வேறு, உதிர்வதை எடுப்பது வேறு. இந்த ஒன்றைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன்.

இங்கிலீஷ் அங்கோரா, பிரெஞ்சு அங்கோரா போன்ற வகைகளில் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய முடி வேரில் பிடி விட்டுவிடும். அதற்குள் அடியில் புது முடி ஒரு சென்டிமீட்டராவது கிளம்பியிருக்கும். தோள்பட்டைக்குப் பின்னால், முதுகில், நாலைந்து முடியின் நுனியை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உதிர்காலம் வந்திருந்தால் முடி வழுக்கிக்கொண்டு கையோடு வரும், முயல் மென்று கொண்டிருக்கும் புல்லைக்கூட நிறுத்தாது. தோல் கூடாரம் போல் மேலே எழும்பினால் முடி இன்னும் வேரில் இருக்கிறது என்று பொருள். கையை எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். முடி எடுக்கும் நாளை முயல்தான் குறிக்கும், நாம் குறிக்கக் கூடாது.

இப்போது வீடியோவின் கடைசி அரை நிமிடத்தைப் பாருங்கள். முதுகு இளஞ்சிவப்பாக, வெறும் தோலாகத் தெரிகிறது. உதிர்ந்த முடியை எடுத்திருந்தால் அடியில் குட்டையாகப் புது முடி மூடியிருக்க வேண்டும், வெறும் தோல் தெரிய வழியே இல்லை. அது ஒன்றே போதும், அங்கே நடந்தது பிடுங்கல் என்று சொல்ல. எழுத்தில் என்ன போட்டிருக்கிறார்கள்? "தானாகக் கொட்டும் முடியைத்தான் எடுக்கிறோம்." சத்தம் கேட்காமல் இருக்கப் பின்னணியில் பாட்டு வேறு.

"முயல் கத்தவே இல்லையே, மல்லாக்கப் படுத்து சுகமாத் தூங்குதே" என்று கீழே நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். அது தூக்கமில்லை. முயலை மல்லாக்கப் புரட்டினால் உடல் விறைத்து அசைவற்றுப் போகும். வேட்டை விலங்கின் வாயில் சிக்கிய பிராணி செத்தது போல் கிடக்குமே, அதே பயம்தான். இதயம் படபடக்கும், மூச்சு மேலோட்டமாக ஓடும், கண் பிதுங்கி நிற்கும். முயல் வலியை வெளியே காட்டாத பிராணி. காட்டினால் பிடித்துத் தின்ன ஆள் இருக்கிறது என்பதால் அப்படிப் பழகிவிட்டது. உயிர் போகும் நிலையில்தான் அது கத்தும். அதனால் கத்தாததைச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள்.

முன்கால் ஒரு பக்கம், பின்கால் ஒரு பக்கம் என்று கட்டி இழுத்து வைத்திருப்பதைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. முயலின் எலும்புகள் மிக இலேசானவை, பின்கால் தசையோ மிக வலுவானது. பிடிபட்ட நிலையில் ஓங்கி ஒரு உதை உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். இடுப்புக்குக் கீழே செயலிழந்த முயலை யாராவது பார்த்திருந்தால் அந்தக் கயிற்றைத் தொடவே மாட்டார்கள். மடியில் ஒரு துண்டை விரித்து, நான்கு பாதமும் ஊன்றும்படி உட்கார வைத்து, முன்னால் கொஞ்சம் புல் போட்டுக்கொண்டு எடுப்பதற்கு என்ன கேடு? நேரம் ஆகும். ஆமாம். ஒரு முயலுக்கு ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு. ஒரே மூச்சில் முடிக்கவும் கூடாது, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து எடுக்க வேண்டும். வயிறு, முலைக்காம்பு ஓரம், வால், பிறப்புறுப்பைச் சுற்றி விரலால் எடுக்கவே கூடாது. அங்கே மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் நறுக்கித்தான் விட வேண்டும்.

இன்னொன்று. ஜெர்மன் அங்கோராவுக்கு உதிர்காலமே பெரும்பாலும் கிடையாது. முடி வளர்ந்துகொண்டே போகும்படி தேர்ந்து தேர்ந்து இனப்பெருக்கம் செய்த வகை அது. அதைக் கத்தரிக்கத்தான் வேண்டும். ஜெர்மன் வகையை வைத்துக்கொண்டு "உதிர்வதை எடுக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு எதுவும் கேட்கத் தேவையில்லை.

கத்தரிப்பதிலும் தப்பு நடக்கும். முயலின் தோல் காகிதம் போல மெலிது. முடிக்கற்றையைத் தூக்கிப் பிடித்தால் தோலும் சேர்ந்து எழும்பும், கத்தரி தோலை வெட்டிவிடும். முடியைத் தூக்காமல், இடது கையால் தோலைத் தட்டையாக நீவிப் பிடித்து, கத்தரியைத் தோலோடு படுக்கவைத்து, முதுகுத்தண்டு ஓரமாகத் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் முடியை விட வேண்டும். கத்தரித்த முயலுக்குக் குளிர் சட்டென்று ஏறும். காற்று அடிக்காத இடம், படுக்கப் புல், கொஞ்சம் கூடுதல் தீவனம் என்று முதல் சில நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் ரகசியம் இல்லை. பத்து முறை இங்கேயே எழுதியிருக்கிறேன்.

சரி, அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். "முடியே எடுக்காம இயற்கையா விட்டுடுங்க, அது பாட்டுக்கு வாழட்டும்." இதை எழுதியவர்கள் கருணையோடுதான் எழுதினார்கள், தெரிகிறது. ஆனால் அதுவும் வதைதான். ஏன் என்று சொல்கிறேன்.

அப்படி "இயற்கையாக" விடப்பட்ட ஒரு முயல் என்னிடம் வந்தது. நல்லவர்கள் வீடுதான், யார் என்று சொல்ல மாட்டேன். மேலே பார்க்க வெள்ளைப் பந்து போல் அழகாக இருந்தது. கையை உள்ளே விட்டால் இடுப்பிலிருந்து வயிறு வரை ஒரே தகடு. சடை பிடித்துக் கம்பளிப் பாய் போல் இறுகி, அது நகரும்போதெல்லாம் தோலை இழுத்துக்கொண்டிருந்தது. பின்கால் இரண்டும் அகலவில்லை. ஆசனவாயைச் சுற்றி முடி மூடியதால் தன் மென்புழுக்கையை அதனால் எடுத்துத் தின்ன முடியவில்லை. முயலுக்கு அது உணவு, உயிர்ச்சத்தும் புரதமும் அதிலிருந்துதான் திரும்பக் கிடைக்கும். சிறுநீர் ஊறிய சடைக்கு அடியில் தோல் வெந்து சிவந்திருந்தது. ஈ முட்டையிட்டுப் புழு வைக்காததுதான் அதிசயம். நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம். சடையை விரலால் பிளந்து, பிளந்து, துண்டு துண்டாக நறுக்கி எடுத்தேன். இழுக்கவில்லை, ஒரு தடவைகூட. ஐந்தாம் நாள் அது கூண்டுக்குள் குதித்தது. "இயற்கையா விடுங்க" என்று யார் எழுதினாலும் எனக்கு அந்தச் சிவந்த தோல்தான் நினைவுக்கு வரும்.

காட்டில் அங்கோரா முயல் என்று ஒன்று இல்லை. மனிதன் உண்டாக்கிய முடி, மனிதன்தான் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. நார்ச்சத்து குறைந்து குடல் ஓட்டம் மந்தமானால் முடியும் தீனியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். புழுக்கை சிறுத்து, முடியால் கோத்த மணிமாலை போல் விழத் தொடங்கினால் எச்சரிக்கை மணி அடித்தாயிற்று. பப்பாளியும் அன்னாசியும் கொடுத்தால் உள்ளே முடி கரையும் என்பார்கள், கரையாது. முடி கெரட்டின் என்ற கெட்டிப் புரதம், அந்தப் பழங்களின் நொதிக்கு அது மசியாது. உலர்ந்த புல்தான் மருந்தும் உணவும். நாள் முழுக்க, அளவில்லாமல். தீவனக் குச்சி 16 முதல் 18 சதவீதப் புரதத்தோடு, அளவாக. வாரத்தில் ஒரு நாள் குச்சியை நிறுத்தி வெறும் புல். வாரத்துக்கு இரண்டு முறை காற்று ஊதியால் முடியைப் பிரித்துவிடுவது, அதுவும் சூடில்லாத காற்றால். சீப்பை அளவோடு போட்டால் போதும், அதிகம் சீவினால் நல்ல முடியும் போய்விடும்.

"அப்படின்னா இந்த இனத்தையே பெருக்காம விட்டுடலாமே?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. இருக்கிற முயல்களை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"செயற்கை நூல் இருக்கும்போது இது எதுக்கு?" வேண்டாம் என்பவர்கள் வாங்க வேண்டாம்.

2013 நவம்பரில் சீனப் பண்ணைகளில் உயிரோடு பிடுங்கும் காட்சி வெளியானபோது, உலகின் பெரிய துணி நிறுவனங்கள் பலவும் அங்கோராவை நிறுத்தின. நிறுத்தியது சரி, ஒரு வார்த்தை மறுப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து பிடுங்குகிறவனுக்கும் காத்திருந்து எடுக்கிறவனுக்கும் ஒரே பெயர்தான். அது வலிக்கிறது. சொல்லிவிட்டேன்.

ஏன் பிடுங்குகிறார்கள் என்று யாருமே கேட்கவில்லை, கவனித்தீர்களா? வேரோடு வந்த முடி நீளமாக, நுனி கூர்மையாக, பஞ்சுபோல் பூத்த நூலைத் தரும். கத்தரித்த முடிக்கு ஒரு பக்கம் மொண்ணை. அதனால் பிடுங்கிய முடிக்கு மதிப்பு அதிகம். உதிர்காலம் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் முன்கூட்டியே பிடுங்குகிறார்கள். பிரான்சில் முடி வேரைத் தளர்த்துவதற்கென்றே ஒரு தீவனம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதில் வேலை செய்வது மிமோசின், சூபாபுல் இலையில் இருக்கும் அதே பொருள். மென்மையான வழி என்கிறார்கள். முயலுக்கு நச்சு கொடுத்து முடி கொட்ட வைப்பதை மென்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கத்தரிச்ச முடியில நூல் நிக்காது, பிடுங்கினாத்தான் தரம்" என்று நேற்று ஒருவர் அடித்துப் பேசியிருந்தார். நூல் நிற்காததற்குக் காரணம் முடி இல்லை, முறுக்கு. அங்கோரா இழை மிக மெல்லியது, 11 முதல் 15 மைக்ரான் தடிமன்தான், பட்டுபோல் வழுக்கும். செம்மறிக் கம்பளியில் இருக்கும் சுருளும் கொழுப்பும் இதில் இல்லை, செதில்களும் இழையோடு படிந்தே கிடக்கும். ஒன்றையொன்று பற்றிக்கொள்ள முறுக்கைத் தவிர வேறு பிடிமானமே இல்லை. செம்மறிக் கம்பளிக்குப் போடும் முறுக்கைப் போட்டால் நூல் உருவிக்கொண்டு வரும், பின்னிய துணி முடியாகக் கொட்டும். அதைவிடக் கூடுதல் முறுக்கு வேண்டும். ராட்டையில் சின்னக் கப்பியைப் போடுங்கள், இழுவையைத் தளர்த்துங்கள். தக்களி என்றால் 20 கிராமைத் தாண்ட வேண்டாம். இரட்டைப்புரியாக முறுக்குங்கள்.

கத்தரிக்கும்போதே தரம் பிரித்துவிடுங்கள். முதுகிலும் விலாவிலும் 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, சுத்தமாக வருவது முதல் தரம். கழுத்து, வயிற்று முடி தனி. ஒரே இடத்தில் இரண்டாம் முறை கத்தரி போட்டால் விழும் பொடியை எறிந்துவிடுங்கள், நூலில் முண்டு முண்டாக நிற்பது அதுதான். முடியைக் கழுவாதீர்கள். கழுவ வேண்டிய கொழுப்பே அதில் இல்லை, நனைத்துக் கசக்கினால் நூற்பதற்கு முன்பே சடையாகிவிடும். அமுக்கி மூட்டையும் கட்டாதீர்கள், அட்டைப் பெட்டியில் காகிதம் இட்டு அடுக்கடுக்காக வையுங்கள். நூற்கும்போது மின்னேறிப் பறந்தால் விரலில் துளி ஈரம் போதும்.

தனி அங்கோராவில் ஸ்வெட்டர் பின்ன ஆசைப்படாதீர்கள். நெகிழ்ந்து திரும்பும் குணம் இல்லாததால் தொங்கிப்போகும், தாங்க முடியாத சூடும் அடிக்கும். 20, 30 சதவீதம் அங்கோரா, மீதி மெல்லிய செம்மறிக் கம்பளி. கம்பிப் பல் வைத்த கார்டிங் பலகையில் சேர்த்துச் சீவிப் பூணியாக உருட்டிக்கொள்ளுங்கள். நூற்றுச் சுற்றிய நூல் சிட்டத்தை வெந்நீரில் முக்கி, அடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, மாறி மாறி இரண்டு மூன்று முறை. பிறகு பிழிந்து, சுவரில் ஓங்கி நாலு அறை. அப்போதுதான் இழைகள் உள்ளே லேசாகக் கவ்விக்கொள்ளும், வெளியே பூ பூத்தது போல் முடி எழும்பும். சிட்டம் கையில் கனமில்லாமல் இருக்கும், இரண்டு நிமிடம் பிடித்திருந்தால் உள்ளங்கை வேர்க்கும். இழைக்குள் காற்று அறைகள் இருக்கின்றன, அதுதான் காரணம். இவ்வளவும் கத்தரித்த முடியில் செய்யலாம். தரத்துக்காகப் பிடுங்குகிறோம் என்று சொல்லாதீர்கள். அவசரத்துக்காகப் பிடுங்குகிறீர்கள்.

இங்கிலீஷ் வகை ஆண்டுக்கு 300, 400 கிராம் கொடுக்கும். ஜெர்மன் ஒரு கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். ஒரு முயலுக்கு வாரம் இரண்டு முறை பராமரிப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம். ஆயிரம் முயலுக்கு இப்படிச் செய்ய முடியாது என்கிறீர்களா? முடியாதுதான். அப்படியென்றால் ஆயிரம் வளர்க்கக் கூடாது. எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை.

கடைசியாக, அந்த வீடியோ போட்டவருக்கு. உங்களைத் திட்ட எழுத உட்கார்ந்தேன், எழுதியும் விட்டேன். ஆனால் முயல் உங்களிடம்தானே இருக்கிறது. இன்றிரவே அதன் முதுகைப் பாருங்கள். சிவப்பு, புள்ளி ரத்தம், கீறல் இருந்தால் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வீட்டிலிருக்கும் நாய் மருந்து எதையும் தடவாதீர்கள். உண்ணிக்கும் தெள்ளுக்கும் போடும் ஃபிப்ரோனில் அதில் இருந்தால் முயலுக்கு விஷம். கம்பித் தரையிலிருந்து எடுத்துப் புல் மெத்தையில், காற்று அடிக்காத இடத்தில் விடுங்கள். நாளை காலை புழுக்கையை எண்ணுங்கள். புழுக்கை இல்லை, தின்னவும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது என்றால் மதியம்வரை காத்திருக்காமல் முயல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். போய்விட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள்.