ஜூரி அப்படிச் சொல்லவில்லை

‘ரயிலில் மிரட்டுபவனை என்ன செய்தாலும் குற்றமில்லை என்று நியூயார்க் ஜூரியே சொல்லிவிட்டது’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. ஜூரி, அதாவது குற்றமா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழு, அப்படிச் சொல்லவில்லை.

2023 மே 1 அன்று நியூயார்க் சப்வேயின் (நகரச் சுரங்க ரயில்) எஃப் தட ரயிலில் ஜோர்டன் நீலி என்ற வீடற்றவர், பசிக்கிறது, தாகமாக இருக்கிறது, சிறைக்குப் போனாலும் கவலையில்லை என்று கத்தினார். பயணிகள் பயந்தது உண்மை. சாட்சிக்கூண்டிலும் அதைச் சொன்னார்கள். ஆனால் அவர் யாரையும் அடிக்கவில்லை, கையில் ஆயுதமும் இல்லை. பாக்கெட்டில் இருந்தது ஒரு மஃபின். டேனியல் பென்னி என்ற சக பயணி பின்னாலிருந்து அவர் கழுத்தை வளைத்துப் பிடித்தார். ரயில் நின்று, கதவு திறந்து, பலர் இறங்கிய பிறகும் அந்தப் பிடி தொடர்ந்தது. எல்லாம் சேர்த்து சுமார் ஆறு நிமிடம். நீலி இறந்துபோனார். வழக்கே அங்கேதான் இருந்தது: பிடித்தது சரியா என்பதைவிட, ஏன் விடவில்லை என்பதில்.

அப்புறம், தீர்ப்பு. கொலையாகாத மரணம் விளைவித்த பெரிய குற்றச்சாட்டில் ஜூரி ஒருமித்த முடிவுக்கே வரவில்லை; அரசுத் தரப்பு கேட்டுக்கொண்டதால் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். 2024 டிசம்பரில் பென்னிக்கு விடுதலை கிடைத்தது, அலட்சியத்தால் மரணம் விளைவித்த சிறிய குற்றச்சாட்டில் மட்டும்.

சட்டமும் மாறவில்லை. எதிராளி உயிருக்கு ஆபத்தான தாக்குதலில் இறங்குகிறார் என்று நியாயமாக நம்பினால்தான் உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தலாம் என்பதே அங்கே பொது விதி. அந்த நம்பிக்கை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்பதை, சப்வேயில் நால்வரைச் சுட்ட பெர்ன்ஹார்ட் கோட்ஸ் வழக்கில் 1986-லேயே நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்துங்கள். அதை நம்பி யாராவது ஒருவர் கழுத்தைப் பிடித்துவிடக் கூடாது.