அந்த மீன்களைக் கொன்றது நின்றுகொண்டிருந்த அணை

"அமெரிக்காவில் அணையை இடித்தார்கள், லட்சக்கணக்கில் மீன் செத்தது, ஆறே போச்சு" என்று ஒரு ஃபார்வர்டு வேலூர், காட்பாடி வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகிறது. மீன் செத்தது நிஜம், சொல்கிற காரணம் தப்பு.

2024 பிப்ரவரி கடைசியில், கலிஃபோர்னியாவின் கிளாமத் ஆற்றில் சேரும் ஓர் ஓடையில் சுமார் 8.3 லட்சம் சின்னூக் சால்மன் மீன் குஞ்சுகளை விட்டார்கள். கீழே அயர்ன் கேட் அணை அப்போது இடிக்கப்படவே இல்லை. அதன் சுரங்கம் வழியாகப் போனபோது அழுத்தம் சட்டென்று மாறி, உடம்புக்குள் வாயுக் குமிழிகள் உண்டாகித்தான் குஞ்சுகள் செத்தன என்று அந்த மாநில மீன்வளத் துறையே சொன்னது. அதற்கு முன், அணைகளை இடிப்பதற்காக ஜனவரியில் நீர்த்தேக்கங்களை வடித்தபோது சேறு கிளம்பியது, தேக்கத்து மீன்கள் செத்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்புறம் நடந்ததை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லையே! இடிக்கும் வேலை நடந்து ஆகஸ்ட் கடைசியில் ஆறு தடையில்லாமல் ஓடியது, அக்டோபரிலேயே சால்மன்கள் நூறு வருடமாக எட்ட முடியாத ஓரிகான் மாநிலப் பக்கம் ஏறிவிட்டன.

சரி, இதை வைத்து பாலாற்றின் வாலாஜா அணைக்கட்டை இடி என்றும் கிளம்பாதீர்கள். அது ஏரிகளுக்குத் தண்ணீர் திருப்புகிற அணைக்கட்டு. பாலாற்றைக் கெடுத்ததில் மணல் அள்ளியதற்கும் தோல் தொழிற்சாலைக் கழிவுக்கும் பெரிய பங்கு உண்டு.