ட்ரான்ஸ்போமர் போட்டால் வேகம் சரியாகாது

அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்பும் பழைய டேர்ன்டேபிளை (இசைத்தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் கருவி) திருகோணமலையில் பாவிக்கலாமா என்று தம்பி கேட்டதற்கு, 120 வோல்ட் தானே, ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்கினால் போதும் என்று மேலே பதில் வந்திருக்கிறது. மோட்டார் எரியாமல் இருக்க அது வேண்டும்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் ட்ரான்ஸ்போமர் வோல்டை மட்டும்தான் குறைக்கும், ஹேர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு, அப்படியே இருக்கும். அங்கே 60, இங்கே நமக்கு 50. மோட்டார் ஒரு பெல்ட்டால் தட்டைச் சுற்றும் பழைய பெல்ட் டிரைவ் பலவற்றில் இருக்கும் ஏசி சின்க்ரனஸ் மோட்டார் அந்த ஹேர்ட்ஸுக்கு ஏற்றபடிதான் சுற்றும், அதனால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28க்குக் கிட்ட இறங்கிவிடும், சுருதியும் மூன்று அரைச்சுரம் போலக் குறையும். பாடகர் பாதித் தூக்கத்தில் பாடுகிற மாதிரி இருக்கும்!

டிசி மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் (மோட்டாரே தட்டை நேராகச் சுற்றி, குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் காக்கும் வகை) என்றால் வேகம் ஹேர்ட்ஸைப் பொறுத்ததல்ல, அதனால் இந்தச் சிக்கல் இல்லை.

என்னை நம்ப வேண்டாம், மாமாவிடம் பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 50/60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் நல்லது, ஆனால் சிலவற்றில் மோட்டார் கப்பியை (பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) மாற்ற வேண்டியிருக்கும், அதையும் கேளுங்கள். வெறும் 60 என்றிருந்தால் என்ன மோட்டார் என்று மெனுவலில் பாருங்கள். ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள் இசைத்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, போனில் மூன்று நிமிடம் வைத்து எண்ணுங்கள். சரியான வேகம் என்றால் 100 சுற்று வரும். 83 வந்தால் ஹேர்ட்ஸ்தான் காரணம்.