நேரக் கட்டுப்பாடு மட்டும் போதுமா?
தீபாவளிக்குக் காலை 6–7, இரவு 7–8 மணிக்கு மட்டுமே பட்டாசு என்ற கட்டுப்பாடே விலங்குகளுக்குப் போதும் என்கிறது உங்கள் கட்டுரை. சத்த அளவை விட்டுவிட்டீர்களே! வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் வரை அனுமதி உண்டு. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல்தான் குறையும். 32 மீட்டர் தள்ளி, நிறுத்திய காருக்கடியில் ஒண்டும் தெருநாய்க்கும் 107 டெசிபல். சந்துக்குள் சுவர் எதிரொலி வேறு. (சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காக வெடி வெடிப்பதையே கைவிட்டவர்கள்.)

வீட்டு நாயை மாலை 6 மணிக்குள் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை ஓடவிடுங்கள். கட்டிலடியில் பதுங்கினால் இழுக்காதீர்கள். சங்கிலியில் கட்டவே கூடாது, மிரண்டு இழுத்தால் கழுத்து இறுகிவிடும். அசிப்ரோமசின் என்ற மந்தமாக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்புதான் துவளும், பயம் போகாது. வேறு மருந்துக்குக் கால்நடை மருத்துவரை முன்கூட்டியே பாருங்கள்.